திருகோணமலையிலிருந்து இதல்கஸ்ஹின்னவுக்கு நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா என்று எந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் சேர்ந்தாலும் பயணத்துக்கு முன் வருகிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இதல்கஸ்ஹின்ன எண்டா எங்க இருக்கு? நுவரெலியாவுக்குப் போனா காணாதா?

அப்புத்தளைக்கும் ஒஹியவுக்கும் இடையில், மலைநாட்டு ரயில் பாதையில் இருக்கிற சின்ன ஊர். ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் தேயிலைத் தோட்டம், லயங்கள், இரண்டொரு கடை. உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர். ஊர் மலை முகட்டில் இருப்பதால் ஒரு பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கும் மறுபக்கம் தெற்குச் சமவெளியும் தெரியும். நட்சத்திரம் பார்க்க இதுதான் முக்கியம். தெற்கு அடிவானம் இப்படித் திறந்து கிடக்கிற இடங்கள் மலைநாட்டில் குறைவு.

நுவரெலியா இதைவிட உயரம்தான், 1,868 மீட்டர். ஆனால் அது நகரம். ஹோட்டல்களும் கடைகளும் விடிய விடிய வெளிச்சம் போட்டிருக்கும். ஊரைச் சுற்றி மலை நிற்பதால் வானத்தின் கீழ்ப்பகுதியும் மறைந்துவிடும். குளிரை அனுபவிக்க நுவரெலியா சரி. இருட்டைத் தேடுகிறவருக்கு அது சரிவராது.

எங்கட கடற்கரையில படுத்துக்கொண்டே பாக்கலாமே, இவ்வளவு தூரம் ஏன் அலையிறது?

நியாயமான கேள்வி. குச்சவெளிக்கு அப்பால் புல்மோட்டைப் பக்கம் போனால் நல்ல இருட்டு இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழையும் குறைவு. முதல்முறை பார்க்கிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் கடற்கரையில் இரண்டு தொல்லை. ஒன்று, உப்பும் ஈரமும் கலந்த காற்று. தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும் அடிவானத்தை ஒட்டி ஒரு மங்கல் படிந்திருக்கும். தெற்கில் தாழ்வாக வருகிற நட்சத்திரங்கள் அதற்குள் போய்விடும். மற்றது, வெளிச்சம் போட்டு மீன் பிடிக்கிற படகுகள். கடல்மேல் நான்கைந்து நின்றாலே கிழக்கு அடிவானம் வெளுத்துவிடும். 1,600 மீட்டருக்கு ஏறினால் வளிமண்டலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு உங்களுக்குக் கீழே போய்விடுகிறது. தூசியும் ஈரமும் அதிகமாக இருப்பது அந்தக் கீழ்ப்பங்கில்தான்.

போயா லீவோட சனி, ஞாயிறு சேர்ந்து வருது. அந்த மூண்டு நாளுக்குப் போட்டா எல்லாருக்கும் வசதிதானே?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். பயணங்கள் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இதனால்தான். போயா என்றால் முழு நிலவு. அன்று சூரியன் மறையும் நேரத்தில் சந்திரன் எழும், விடியும் வரை நிற்கும். தேயிலைச் செடியின் நிழல் தரையில் விழுகிற அளவுக்கு வெளிச்சம் இருக்கும். பால்வீதி தெரியாது, பிரகாசமான சில நட்சத்திரங்கள் மட்டும் மிஞ்சும். மலையில் நிலவு பார்க்க ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். நட்சத்திரத்துக்கு என்றால் வேண்டாம்.

நமக்கு வேண்டியது அமாவாசை. போயா கழிந்து 14 அல்லது 15 நாளில் வரும். அதற்கு நான்கு நாள் முன்னும் நான்கு நாள் பின்னும் பயன்படும். அமாவாசைக்கு முந்திய நாட்களில் தேய்பிறைச் சந்திரன் விடியப்புறம்தான் எழும், அதனால் இரவு முழுக்க உங்களுடையது. பிந்திய நாட்களில் வளர்பிறை மாலையிலேயே மறைந்துவிடும். நாட்காட்டியில் சிவப்பில் அச்சடித்த நாட்களை விட்டுவிட்டு முதலில் அமாவாசைகளைக் குறியுங்கள். பிறகு அவற்றுக்குக் கிட்ட விடுமுறை இருக்கிறதா என்று தேடுங்கள். ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் லீவு, பிறகு வேன், பிறகு ரூம், கடைசியில் சந்திரன்.

அமாவாசையை ஒட்டி வரும் அரசாங்க விடுமுறை இரண்டு இருக்கின்றன. தீபாவளி ஒன்று, ஆனால் அது மழைக்காலம். மற்றது மகா சிவராத்திரி. மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு அது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ அமாவாசை. பெப்ரவரியிலோ மார்ச் முற்பகுதியிலோ வரும். அந்தக் காலம் ஏன் நல்லது என்பது அடுத்த பதிலில்.

அப்ப எந்த மாசம் நல்லம்?

முதல் தெரிவு பெப்ரவரி, மார்ச். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திருக்கும், இடைக்கால இடிமழை இன்னும் தொடங்கியிருக்காது. பகல் வெயிலடித்து, பின்னேரம் முகில் வந்தாலும் இரவு ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு வானம் திறப்பது வழக்கம். நிலாவெளிப் பக்கம் தங்குமிடமும் படகும் வைத்திருப்பவர்களுக்கு அது ஆட்கள் குறைந்த காலம் என்பதால் போய்வரவும் வசதி. ஏப்ரலில் இடியும் மழையும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மலைநாட்டில் ரூம் வாடகையும் ஏறிவிடும்.

இரண்டாவது தெரிவு ஜூலை, ஆகஸ்ட். "தென்மேல் பருவமழை நேரத்தில் மலைக்கா?" என்று கேட்பீர்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் அப்போது மழைதான். ஆனால் காற்று அந்தச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்து போகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன பருவமும் அதுதான். திருகோணமலையில் நம்மை வறுத்தெடுக்கிற கச்சான் காற்று இதே காற்றின் தொடர்ச்சிதான். ஒரு குறை: இதல்கஸ்ஹின்ன முகட்டிலேயே இருப்பதால் மேற்கிலிருந்து முகில் தாவி வரும், காற்றும் பலமாக அடிக்கும். அந்த மாதங்களில் அப்புத்தளைக்குக் கிழக்கே பண்டாரவளைப் பக்கம் கொஞ்சம் இறங்கித் தங்குவது புத்தி.

ஒக்டோபர் முதல் ஜனவரி நடு வரை வேண்டவே வேண்டாம். முகில் ஒரு பக்கம், மண்சரிவு மறுபக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டில் என்ன செய்தது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

என்ன மாதிரிப் போறது? ரயிலா, வேனா?

ஆட்கள் சேர்ந்தால் வேன். வழி இரண்டு. ஒன்று ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, நுவரெலியா, வெலிமடை வழியாக. வளைவுகள் அதிகம், பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். மற்றது ஹபரணையிலிருந்து பொலன்னறுவை, மஹியங்கனை, பதுளை, பண்டாரவளை வழியாக; பதுளைக்குக் கிட்டப் போகும் வரை பெரும்பாலும் சமதரை. எதில் போனாலும் ஒரு பகல் போய்விடும். அதிகாலை வெளிக்கிடுவதென்றால் நன்றாக வெளித்த பிறகு கந்தளாயைத் தாண்டுங்கள். ஹபரணை வரையுள்ள காட்டுப் பாதையில் இருட்டில் யானை நிற்கும்.

ரயிலில் போக விரும்புகிறவர்கள் பஸ்ஸில் கண்டிக்குப் போய், அங்கிருந்து பதுளைப் பாதை ரயிலைப் பிடிக்கலாம். மழைக்குப் பிறகு அந்தப் பாதை அடைபடுவதும் சேவை குறைவதும் உண்டு. புறப்படுவதற்கு முதல்நாள் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தங்குமிடம் அப்புத்தளையில்தான் ஏராளம். அங்கே தங்கி, மாலையில் சின்ன வாகனத்தில் இதல்கஸ்ஹின்னவுக்கு வருவது பலருக்கும் ஒத்துவருகிறது. தோட்டப் பாதை ஒடுக்கம். பெரிய வாகனத்தை டவுனிலேயே விடுங்கள்.

எவ்வளவு குளிரும்? ஒரு சுவெட்டர் காணும்தானே?

காணாது. பெப்ரவரி இரவில் 10 முதல் 14 பாகை செல்சியஸ் வரை இறங்கும். நடந்து திரிகிறவருக்கு அது பெரிய குளிரில்லை. ஆனால் நீங்கள் நடக்கப் போவதில்லை, மூன்று மணிநேரம் அசையாமல் படுக்கப் போகிறீர்கள். சுவெட்டருக்கு மேலே காற்றுப் புகாத ஒரு ஜக்கெட், இரண்டு சோடி காலுறை, காதை மூடும் தொப்பி, போர்வை. சாரத்தோடு வந்து, பத்து மணிக்கே ரூமுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

கீழே விரிப்பதற்குப் பாய் மட்டும் போதாது. பனி இறங்கிப் புல் நனைந்திருக்கும், அரை மணிநேரத்தில் பாயைத் தாண்டி முதுகுக்கு வரும். முதலில் படங்கு, அதன்மேல் பாய், அதன்மேல் ஒரு போர்வை. இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒரு பிளாஸ்க் நிறைய.

அவ்வளவு உயரத்தில மூச்சு முட்டாதா? அம்மாவுக்கு இழுப்பு வேற இருக்கு.

உயரத்தால் வருகிற நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலை மலையே 2,524 மீட்டர்தான். அதனால் அந்தப் பயம் இங்கே தேவையில்லை.

இழுப்பு வேறு விஷயம். குளிர்ந்த காற்று அதைக் கிளப்பும். அம்மாவுக்குப் பம்ப் கொடுக்கப்பட்டிருந்தால் பெட்டியில் வைக்காமல் கையோடு வைத்திருக்கட்டும், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளட்டும், போவதற்கு முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கிட்டடியில் தியத்தலாவையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

டெலஸ்கோப் இல்லாமல் போய் என்ன பிரயோசனம்?

முதல் பயணத்துக்கு டெலஸ்கோப் தொந்தரவுதான். பத்துப் பேர் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பார்ப்பதற்குள் இரவு முடிந்துவிடும். 7x50 அல்லது 10x50 அளவுள்ள பைனாகுலர் ஒன்று இருந்தால் மிகவும் நல்லது. அதுவும் இல்லாவிட்டால் வெறும் கண் போதும்.

கண்ணுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். ஒருவர் போனைத் திறந்தால் சுற்றியுள்ள எல்லோருக்கும் அது மறுபடி முதலிலிருந்து. டோர்ச்சின் முகத்தில் சிவப்பு டிசூத் தாளை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் பட்டி போடுங்கள். சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. வானத்தின் வரைபடம் காட்டுகிற ஸ்டெல்லேரியம் செயலியை வீட்டிலேயே இறக்கி, அதில் இரவுப் பார்வைக்கான சிவப்புத் திரையையும் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்க என்னென்ன தெரியும்? பால்வீதி கட்டாயம் தெரியுமா?

மார்ச் நடுப்பகுதியை வைத்துச் சொல்கிறேன். பெப்ரவரி நடுப்பகுதி என்றால் எல்லாம் இரண்டு மணிநேரம் பிந்தும். ஏழரைக்கு நன்றாக இருட்டிவிடும். தலைக்கு மேலே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கிற வேட்டைக்காரன் கூட்டம். அதன் தோளில் செம்மஞ்சளாகத் திருவாதிரை. மேற்குப் பக்கம் ரோகிணி, அதற்கும் அப்பால் கார்த்திகை. நம்மவர்கள் அறுமீன் என்று சொன்ன அந்தக் கூட்டத்தில் எத்தனை எண்ண முடிகிறது என்று பாருங்கள். ஆறு என்றால் வானம் பரவாயில்லை. எட்டு, ஒன்பது என்றால் அபார வானம், அன்று தூங்கப் போகாதீர்கள்.

தெற்கில் தனியாக வெள்ளையாக நிற்பது அகத்தியர் நட்சத்திரம். அடிவானம் மிகத் தெளிவாக இருந்தால் அதற்கும் கீழே, வலப்பக்கமாகப் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு மங்கல் தெரியும். அது பெரிய மகெல்லன் மேகம் என்கிற நட்சத்திரத் திரள், நமது பால்வீதிக்கு அண்டை வீட்டுக்காரர். 14 பாகை உயரத்துக்கு மேல் அது ஏறாது என்பதால்தான் தெற்கு திறந்திருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன்.

பத்து மணிக்குத் தென்கிழக்கில் தென்சிலுவை சரிந்தபடி ஏறி வரும். நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில் நேராக நிமிர்ந்து, அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது சுமார் 10 பாகை. அப்படி இரண்டேகால் முஷ்டி. அதற்கு இடப்பக்கம் மேலே பைனாகுலரைத் திருப்பினால் ஒமேகா சென்டோரி என்கிற நட்சத்திரக் கொத்து வரும். முதலில் குவியம் தப்பிய நட்சத்திரம் மாதிரித்தான் இருக்கும். கண்ணை நேராக அதில் வைக்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் அந்த உருண்டை விரிந்துகொண்டே போகும். அத்தனையும் நட்சத்திரங்கள், இலட்சக்கணக்கில்.

பால்வீதியின் மங்கலான பகுதி மாலையிலேயே தலைக்கு மேலாக ஓடும். படங்களில் பார்க்கிற அந்தத் தடித்த மையப்பகுதி அதிகாலை இரண்டரை, மூன்று மணிக்குத்தான் தென்கிழக்கில் ஏறும். நித்திரை முழிக்க முடியாதவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்தான் வசதி. அப்போது இரவு ஒன்பது, பத்து மணிக்கே அது தெற்கில் உச்சிக்கு வந்துவிடும். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: படங்களில் உள்ள ஊதாவும் செம்மையும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.

துருவ நட்சத்திரம்?

ஒரு ஊரின் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அது நிற்கும். திருகோணமலையில் எட்டரைப் பாகை, இதல்கஸ்ஹின்னவில் ஏழு பாகைக்கும் குறைவு. ஒரு மரம் போதும் மறைக்க. அதைப் பார்க்க நம்ம ஊர்தான் நல்லது. அருந்ததி மட்டும் சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரோடு ஒட்டிக்கொண்டு மார்ச் இரவில் வடக்கே நன்றாகத் தெரியும்.

தேயிலைத் தோட்டத்துக்குள்ள போய்ப் படுக்க ஏலுமா? சிறுத்தை கிறுத்தை வராதா?

கேட்காமல் போகக் கூடாது. தோட்டம் கம்பனிக்குரியது. இரவில் டோர்ச்சும் கமராவுமாக முன்பின் தெரியாதவர்கள் நடமாடினால் காவல்காரர் சத்தம் போடத்தான் செய்வார். பகலிலேயே போய், தங்குமிடக்காரர் மூலம் அனுமதி கேளுங்கள். தமிழ் பேசுகிற மக்கள் நிறைய இருக்கிறார்கள். அண்ணே, அக்கா என்று முறையாகப் பேசினால் எந்த மேட்டில் காற்று குறைவு என்பது வரைக்கும் சொல்வார்கள். தங்குமிடத்து முற்றமோ மொட்டை மாடியோ தெற்குப் பார்த்திருந்தால் அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. வெளி லைட்டை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மலைநாட்டுத் தோட்டங்களில் சிறுத்தை உண்டு. கூட்டமாக இருக்கிறவர்களை அது நெருங்காது. தனியாகத் தேயிலைக்குள் ஒதுங்கப் போகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும். காட்டுப்பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கும் இருட்டில் கால் தடுக்கும். மழை பெய்திருந்தால் அட்டை. ரயில் பாதை சமதரையாக, திறந்த இடமாக இருக்கிறது என்று அதில் உட்கார வேண்டாம். இரவிலும் ரயில் வரும், வளைவில் வருவது தெரியாது.

போனில படம் எடுக்க ஏலுமா?

ஏலும். போன் கையில் ஆடக் கூடாது. சின்ன ஸ்டாண்ட் ஒன்று போதும். புரோ முறையில் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, திறப்பு நேரம் 15 அல்லது 20 செக்கன், குவியம் முடிவிலியில், மூன்று செக்கன் டைமர். அரை மணிக்கொருமுறை லென்ஸைத் துடையுங்கள், பனி படியும். மற்றவர்களிடமிருந்து பத்தடி தள்ளி நின்று எடுங்கள்.

வானத்தில வரிசையா ரயில் பெட்டி மாதிரி வெளிச்சம் போச்சு. வால்வெள்ளியா?

இல்லை, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாட்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நமக்கு இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் சூரிய ஒளி படுவதால் மின்னுகின்றன. மாலையிலும் விடியப்புறமும்தான் அதிகம். வால்வெள்ளி இப்படி ஓடாது; ஒரு இரவு முழுக்கப் பார்த்தாலும் நட்சத்திரங்களோடு சேர்ந்தேதான் நகரும்.

ஹோர்டன் சமவெளி இன்னும் உயரம்தானே? இல்லாட்டி மீமுரே?

ஹோர்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேல், வானமும் அருமை. ஆனால் தேசியப் பூங்கா. மாலையில் வெளியேற வேண்டும். உள்ளே இரவு நிற்பதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பங்களாவோ முகாம் இடமோ பதிவு செய்ய வேண்டும். மீமுரே நக்கிள்ஸ் மலைகளுக்குள் இருப்பதால் உயரமான ஊர் என்று நினைக்கிறார்கள். அது மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிற ஊர். இருட்டு நன்றாக இருக்கும், தலைக்கு மேலே மட்டும் பார்க்கலாம். சிலுவையும் அகத்தியரும் மலைக்குப் பின்னால் போய்விடும்.

யூடியூபில லடாக் ஹன்லே காட்டுறாங்கள். காசு சேர்த்து அங்கயே போனா என்ன?

போகலாம், ஆனால் அது வேறு வகைப் பயணம். ஹன்லே சுமார் 4,300 மீட்டரில் இருக்கிற ஊர். மேலே மலையில், 4,500 மீட்டரில், இரண்டு மீட்டர் விட்டமுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. சுற்றுப்புறத்தை 2022இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். காற்று வறண்டது, வானம் இலங்கையில் எங்கும் கிடைக்காத வானம்.

ஆனால் மூச்சு முட்டுவது பற்றி மேலே சொன்ன ஆறுதல் அங்கே செல்லாது. 3,500 மீட்டரிலுள்ள லே நகரில் இரண்டு நாளாவது ஓய்ந்திருந்து உடம்பைப் பழக்காமல் மேலே ஏறினால் தலையிடி, வாந்தி. முற்றினால் உயிருக்கே ஆபத்து. எல்லைப் பகுதி என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் தனி அனுமதி எடுக்க வேண்டும். அதன் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்; டிக்கெட் போடுவதற்கு முன்னரே விசாரியுங்கள். தெற்கு வானமும் அங்கே நமக்குக் கிடைப்பதுபோல் கிடைக்காது, தென்சிலுவை அங்கே எழுவதே இல்லை.

போய்ச் சேர்ந்த அண்டைக்கு முழுக்க முகிலா இருந்தா?

அதனால்தான் இரண்டு இரவு போடச் சொல்வேன். ஒரே இரவுக்குப் போவது சீட்டுப் பிடிக்கிற மாதிரி. ஒன்பது மணிக்கு முகிலென்று மனம் விட்டுப் படுத்துவிடாதீர்கள். ஒன்றரைக்கு எலார்ம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். நடுச்சாமத்தில் மூடுபனி பள்ளத்துக்கு இறங்கி முகடு வெளித்துவிடுவது உண்டு. அப்போது கீழே ஊர்களின் வெளிச்சத்தையும் அதே பனி மூடிவிடுவதால் வானம் இன்னும் கறுப்பாகும். அப்புத்தளை மூடிக் கிடந்தாலும் வெலிமடைப் பக்கம் திறந்திருக்கலாம். தங்குமிடக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுச் சொல்வார்கள்.

சிவராத்திரி எண்டு சொல்லுறியள். அண்டைக்குக் கோணேசர் கோயிலை விட்டிட்டு எப்படி வாறது?

விட்டுவிட்டு வரவேண்டாம். மேலே சொன்னபடி அமாவாசைக்குப் பின் நான்கு நாளும் நமக்கு நல்ல நாட்கள்தான். கோயிலில் கண் விழித்து, மறுநாள் வீட்டில் நன்றாகத் தூங்கி எழும்பி, அதற்கடுத்த காலை வெளிக்கிடுங்கள். பிறை அப்போது மெல்லியதாக இருக்கும், இருட்டிக் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். சாரதியும் கோயிலுக்குப் போகிறவர் என்றால் அவருக்கும் அந்த ஒரு நாள் தூக்கம் கட்டாயம். திரும்பி வரும் நாளிலும் அப்படித்தான்: இரவு முழுக்க நம்மோடு வானம் பார்த்தவரைக் காலை ஆறு மணிக்கு ஸ்டியரிங்கில் உட்கார வைக்காதீர்கள். அதற்காகப் பதினொரு மணிக்கு வெளிக்கிட்டால் கந்தளாய்க் காட்டை இருட்டில்தான் கடக்க வேண்டி வரும். அப்படியான நாளில் வழியில் பொலன்னறுவையில் ஒரு இரவு தங்கிவிட்டு வாருங்கள், அல்லது கடைசி இரவு சாரதியை மட்டும் நேரத்தோடு படுக்க விடுங்கள்.